பெல் அடிக்க வேண்டாம்

நெய்வேலி
9.9.2024

அன்புள்ள ஆதி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குக் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. என் நம்பரை நீ பிளாக் செய்து ஏழு மாசம் ஆகிறது. ஆபீஸ் போனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டேன், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். உன் வீட்டுக்காரர் கலைச்செல்வன் மாற்றலாகிப் போன இடத்தின் விலாசத்தை அவருடைய பழைய செக்‌ஷனில் கேட்டு வாங்கினேன். கொடுத்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தார்.

விஷயம் நீ மொழி என்று கூப்பிடுகிற உன் தம்பி மகள் தமிழ்மொழியைப் பற்றியது. போன ஜனவரியில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டு, அவளை உன் வீட்டிலிருந்து கூட்டிப்போக வைத்தவள் நான். அன்றைக்குச் சாயந்தரமே உன் வாசலில் வந்து நின்று, "நாந்தான் ஆதி சொன்னேன்" என்று நானே சொன்னேன். நீ கதவைச் சாத்தினாய். பதினாலு வருஷம் ஒரே மதில் சுவரின் மேல் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள் நாம். அதற்கு நான் இப்போது மன்னிப்புக் கேட்க வரவில்லை. படிக்க வைக்கிறேன் என்று கூட்டி வந்த பன்னிரண்டு வயசுப் பெண்ணை எட்டு மாசம் உன் குழந்தையைப் பார்க்க வைத்தாய். அது தப்பு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவளைக் கடலூரில் குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் நிறுத்தி, ரெண்டு மாசம் ஹோமில் வைத்து, ஏப்ரலில் அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். நேற்று ஞாயிறு, பூசை முடிந்து என்னவோ தோன்றியது. விருத்தாசலம் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து உன் தம்பி கொளஞ்சியப்பன் வீட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டேன்.

அவள் பள்ளிக்கூடம் போகவில்லை ஆதி. தாயில்லாத வீடு, சமையலும் துணியும் அவள் தலையில். என்னைப் பார்த்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனவள், நான் கிளம்பும்வரை வரவே இல்லை. பொங்கல் முடிந்ததும் கொளஞ்சியப்பன் செங்கல் சூளைக்குப் போகிறாராம், திருவள்ளூர் பக்கம். சமைத்துப் போட அவளும் கூடப் போகிறாள்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே, இடையில் நின்ற பெண் பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கிற அரசுப் பள்ளி இருக்கிறது. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்களே. நான் சொல்லிப் பார்த்தேன். உன் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆபீசருங்க சொல்றாங்க, நீங்க சொல்றீங்க. ஆளாளுக்கு வந்து சொல்லிகினுதான் இருக்கீங்க. எங்க அக்கா வந்து சொல்லட்டும்ங்க, அனுப்பறேன். அது சொல்லாம எம்பொண்ணு எங்கயும் போவாது."

உன்னால்தான் தன் பெயர் கெட்டது என்று நினைப்பார் என எதிர்பார்த்தேன். அவர் இன்னும் உன்னை நம்புகிறார். ஒரே ஒரு போன் செய். எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

கிறிஸ்டினா


பிகானேர்
27.9.2024

கிறிஸ்டினா மேடம் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. ரெண்டு தடவை படித்தேன்.

பெரிய மனசு உங்களுக்கு! பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, வீடு தேடிப் போனீர்களாமே. பக்கத்து வீட்டில் எட்டு மாசம் இருந்தபோது அவளைப் பார்க்க வராத கால், இப்போது விருத்தாசலம்வரை நடக்கிறதா?

அவள் என் தம்பி மகள். நான் வேலைக்காரி வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சாப்பிட்டதைத்தான் அவளும் சாப்பிட்டாள். என் யாழினி அவள் பக்கத்தில் படுத்தால்தான் தூங்கினாள். உங்களுக்குத் தெரியுமா, ஜீப் வந்து நின்றபோது மொழி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜீப்பில் வந்த ஆபீசரம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் உங்கள் ஜன்னலை மூடிக்கொண்டீர்கள். நான் பார்த்தேன்.

வேடிக்கை பார்த்தவர்கள் யார்? என்னிடம் டியூஷன் படித்த இருபது பிள்ளைகளின் அம்மாக்கள். தினமும் சாயந்தரம் வராண்டாவில் மொழி கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவள் எந்த ஸ்கூல், எத்தனாவது என்று ஒருத்தியாவது கேட்டிருப்பாளா? மறுநாள் ஒருத்தியும் பிள்ளையை அனுப்பவில்லை. "அய்யோ, நமக்குத் தெரியாமப் போச்சே" என்றாளாம் அந்த சங்கீதா. தெரியாதாம்! டீயில் சர்க்கரை கம்மி என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லத் தெரிந்தவள்.

நீங்கள் பெல் அடித்து, "ஏன்டி ஆதி, பொண்ண ஏன் இன்னும் சேக்கல?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் சண்டைக்கு வந்திருப்பேன். நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். ஐந்தாம் நாள் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். பதினாலு வருஷம் பழகியவருக்கு என் வீட்டு பெல்லைவிட 1098 பக்கத்தில் இருந்ததா?

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் விசாரணை, கேலி, பிறகு தானே எழுதிக் கேட்டு வாங்கிய மாற்றல். இங்கே எனக்கு பாஷை தெரியாது. பேச ஆள் இல்லை. எல்லாம் உங்கள் புண்ணியம்.

கொளஞ்சிக்கு நான் போன் செய்ய மாட்டேன். ஆரம்பித்தது நீங்கள். நீங்களே முடித்து வையுங்கள்.

ஆதிலட்சுமி


நெய்வேலி
14.10.2024

ஆதி,

மேடம் என்று எழுதிவிட்டாய். சரி, போகட்டும்.

பெல் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாய். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் பள்ளிக்கூட நேரம்தான். உன் கேட்டில் பலகை தொங்கியது: "நைட் ஷிஃப்ட். பெல் அடிக்க வேண்டாம்." நம் டவுன்ஷிப்பில் அந்தப் பலகையை மீறி யார் பெல் அடித்திருக்கிறார்கள்? பால்காரர் அடிக்க மாட்டார், கேஸ்காரர் அடிக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கிளமென்ட் உயிரோடு இருந்தவரைக்கும் என் கேட்டிலும் தொங்கியதுதான். ராத்திரி முழுக்க மைன்ஸில் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து கண்ணசருகிற மனுஷனை எழுப்பக் கூடாது என்று நானும் திரும்பி நடந்துவிட்டேன். அப்புறம் சாயந்தரம் உன் வராண்டா நிறையப் பிள்ளைகள். அத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பது?

போன் போட்டது குடியரசு தினத்தன்று. காலையில் நம் பிளாக் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு சைக்கிளில் போனார்கள். மொழி யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். அவள் நைட்டியிலும் ஒரு காகிதக் கொடி குத்தியிருந்தாள். எங்கிருந்து எடுத்தாளோ தெரியவில்லை. கடைசி சைக்கிள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை ஆதி. உள்ளே போய் போனை எடுத்துவிட்டேன்.

நான் யோக்கியம் என்று சொல்லவில்லை. காலையில் எனக்குப் பால் பாக்கெட் வாங்கி வைத்தது யார்? நான் ஆபீஸில் இருக்கும்போது என் கேஸ் சிலிண்டரை வாங்கி வைத்தது யார்? பகலில் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இங்கே எனக்கும் பேச ஆள் இல்லை என்று தெரிந்தால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமோ என்னவோ. போலீஸை வரவழைத்தவள் என்று பிளாக்கில் பெயர். நடைபாதையில் எதிரே வருகிற பெண்கள் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். உன் வீடு பூட்டியே கிடக்கிறது. மே மாசம் நான் ரிட்டயர் ஆகிறேன். பிரிவு உபசார விழா என்று ஒன்று வைத்தால் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரலே அதிகம்.

என் மேல் உள்ள கோபத்தை என்னிடமே வைத்துக்கொள். அவளுக்கு அதில் பங்கு கொடுக்காதே.

கிறிஸ்டினா


பிகானேர்
11.11.2024

கிறிஸ்டினாக்கா,

மேடம் என்று எழுதக் கை வரவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதை வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பலகையைச் சொல்கிறீர்களே, கொஞ்சம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவர் ஜெனரல் ஷிஃப்ட், பகல் வேலை. காலையில் அவர் பைக்கை உதைக்கிற சத்தம் உங்கள் சமையல்கட்டுவரைக்கும் கேட்கும். "இந்த வண்டிக்கு சைலன்சர் மாத்தச் சொல்லுடி" என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று தெரிந்துதான் அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனீர்கள். உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கேட்டிலேயே தொங்கியது.

சரி, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்ற நான் மறக்கவில்லை. தினமும் காலையில் கோலம் போடும்போது பார்ப்பேன். கழற்றினால் யாராவது வருவார்கள், வந்தால் கேட்பார்கள் என்றுதான் விட்டு வைத்தேன். ஆக, நீங்கள் அந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள், நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

கூட்டி வரும்போது சத்தியமாகப் படிக்க வைக்கத்தான் கூட்டி வந்தேன் அக்கா. ஜூன் மாசமே அட்மிஷன் பாரம் வாங்கி நிரப்பி வைத்தேன். அன்றைக்கு யாழினிக்குக் காய்ச்சல். ஒரு வாரம் போகட்டும் என்றேன். அப்புறம் ஆடி போகட்டும் என்றேன். அப்புறம் காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டது, இப்போது சேர்த்தால் என்ன பிரயோஜனம் என்றேன். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை எனக்கு. பிள்ளை பெற்ற உடம்பு. அவள் இருந்தால் ரெண்டு மணி நேரம் தூங்க முடிந்தது. அந்த ரெண்டு மணி நேரத்தை விட எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. நானும் இப்படி வந்தவள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து வடலூரில் என் சித்தி வீட்டில் வளர்ந்தேன். சித்தி கையில் அடி வாங்காத நாள் கிடையாது. பாத்திரமெல்லாம் நான்தான் தேய்ப்பேன். ஆனால் மணி எட்டரை ஆனால், "தொலை, பள்ளிக்கூடத்துக்கு" என்று கையில் இருக்கிற பாத்திரத்தைப் பிடுங்கி வைத்துவிடுவாள். ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. நான் பி.எஸ்சி. படித்தது அவளால்தான். நான் மொழியை ஒரு அடி அடித்ததில்லை. அவளுக்குத் தலை பின்னி, பூ வைத்து, கண்ணே என்று கூப்பிட்டு, ஒரு வருஷப் படிப்பைப் பிடுங்கிக்கொண்டேன். அந்தச் சித்தி அளவுக்குக்கூட நான் இல்லை அக்கா. இங்கே மத்தியானத்தில் மணல் காற்று அடிக்கும், ஜன்னல் கதவு எல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். வேறு வேலை கிடையாது, இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

கொளஞ்சிக்குப் போன வாரம் போன் போட்டேன். மொழிதான் எடுத்தாள். "அல்லோ, யாருங்க?" என்றாள். என்னை ங்க போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாரென்று தெரியாமல்தான் கேட்டாள், எனக்கும் அது தெரிகிறது. வைத்துவிட்டேன். இன்னொரு தடவை போட எனக்குத் தைரியம் இல்லை.

ஆதி


நெய்வேலி
4.12.2024

ஆதி,

ஆமாம், பைக் சத்தம் கேட்டது. தெரிந்துதான் திரும்பினேன்.

நேற்று மறுபடி போயிருந்தேன். சூளை மேஸ்திரி வந்து பெயர் எழுதிக்கொண்டு போய்விட்டான். கொளஞ்சியப்பன் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கிறது. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை லாரி வருகிறது. அந்தத் தங்கிப் படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன். பொங்கல் லீவு முடிந்ததும் வந்தால் விட்ட இடத்திலிருந்து, ஏழாவதில், சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். பழைய சான்றிதழ்களை அவரே கேட்டு வாங்கிக்கொள்வாராம். அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

லாரி விஷயத்தையும் நான் போன் போட்டுச் சொல்லலாம். அதிகாரிகள் வருவார்கள், நிறுத்துவார்கள். தை போய் மாசி வந்தால் உன் தம்பி வேறு லாரி ஏறுவார். என் போனுக்கு அவ்வளவுதான் பலம் என்று இந்த வருஷம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவர்கள் அவளை அந்த வீட்டு வாசலில் விட்ட பிறகு ஐந்து மாசம் நான் எட்டிப் பார்க்கவில்லை. நம் கடமை முடிந்தது என்று டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் பேச வரவில்லை என்றால் நேரில் வா. டிக்கெட் கிடைக்காது, குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி என்றெல்லாம் எழுதாதே. வா.

கிறிஸ்டினா


சென்னை சென்ட்ரல்
20.1.2025

அக்கா,

ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. யாழினி என் மடியில் தூங்குகிறாள். அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

காணும் பொங்கலன்று மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கொளஞ்சி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "வா எக்கா" என்று ஒன்றும் நடக்காதது மாதிரி கூப்பிட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை. "டேய், நான் உன்னை ஏமாத்திட்டன்டா. படிக்க வெக்கிறன்னு கூட்டிகினு போயி எம்புள்ளய பாத்துக்க வெச்சிட்டன்" என்று சொல்லிவிட்டேன். அவன் மூட்டைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "தெரியும்க்கா. உங்க பக்கத்து வூட்டம்மா வந்தப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவன்னுதான் இருந்தன்" என்றான். எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. "வூட்ல விட்டா தனியா இருக்கும், ஆஸ்டல்ல விட்டா யாரு போயிப் பாப்பா? ஒருதரம் பூட்டி வச்சிகினு இருந்தாங்களே, அது மாரி ஆவும்" என்று பிடித்துக்கொண்டான். அவன் பயம் நியாயம்தானே. நான் மாசாமாசம் ராஜஸ்தானிலிருந்து வர முடியுமா? உங்கள் பெயரைச் சொன்னேன். உங்களைக் கேட்காமலே சொன்னேன்.

மறுநாள் லாரி வந்தது. அவன் மட்டும் ஏறினான். பெயர் எழுதின ஆள் ஒன்று குறைகிறது என்று மேஸ்திரி கத்தினான். பள்ளிக்கூடம் திறந்ததும் சேர்க்கும்படி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தலைமையாசிரியை அவனிடம் போனிலும் பேசிக்கொண்டார்கள். இன்று காலை சேர்த்துவிட்டேன். ஏழாம் வகுப்பு. பார்க்க வருகிறவர் என்ற இடத்தில் கிறிஸ்டினா கிளமென்ட், நெய்வேலி என்று எழுதியிருக்கிறது. மாசத்தின் முதல் ஞாயிறு, பத்து மணியிலிருந்து ஒரு மணிவரைக்கும்.

நாலு நாள் கூடவே இருந்தேன். மொழி எனக்குச் சோறு போட்டாள், யாழினியைக் குளிப்பாட்டினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அத்தை என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட வாசலில் யாழினி அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. மொழி அதைத் தூக்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நல்லதுதான், தூக்கியிருக்கக் கூடாது. இருந்தாலும் வலிக்கிறது.

போகும்போது வடலூரில் பஸ் மாறினேன். நம் பிளாக் அங்கிருந்து அரை மணி நேரம்தான். வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும் அக்கா. தப்பாக நினைக்க வேண்டாம்.

மொழியைப் போய்ப் பாருங்கள். என்ன பேசினாள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ஆதி


நெய்வேலி
2.2.2025, ஞாயிறு மாலை

அன்புள்ள ஆதி,

போய்விட்டு வந்து செருப்பைக்கூட ஓரமாக வைக்காமல் எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கே போய் வாசலில் நின்றேன். பத்து மணிக்கு அழைத்து வந்தார்கள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கொஞ்சம் பெரிய சட்டை. நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை அவள் மட்டும் சாப்பிடாமல் இன்னும் ரெண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். கணக்கு கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறதாம். பக்கத்துப் பாயில் படுக்கிற பிள்ளை சொல்லிக்கொடுக்கிறாளாம். அப்பா ரெண்டு தடவை வார்டன் போனில் பேசினாராம். "யாழினி இன்னும் என்னக் கேட்டு அழுவுதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, ஒன்னு கேக்கட்டுமா? நான் படிச்சது உங்களுக்குக் கேக்கவே இல்லியா?" என்றாள்.

எது என்றேன். சொன்னாள். மத்தியானம் யாழினியைத் தூங்க வைத்த பிறகு, நீ தூங்குகிற அந்த ரெண்டு மணி நேரத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் வந்து உட்காருவாளாம். மதில் சுவரை ஒட்டி. நான் ஆபீஸிலிருந்து சாப்பிட வருகிற நேரம் பார்த்து, என் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் போட்டுப் படிப்பாளாம். "அத்தை எழுந்துக்கப் போவுதுன்னு பயமா இருக்கும். ஆனாலும் சத்தமாத்தான் படிப்பேன். நீங்க எட்டிப் பாத்து, ஏன் பாப்பா, ஸ்கூலுக்குப் போவலியான்னு கேப்பீங்கன்னு. கேட்டீங்கன்னா, என்னச் சேத்து வுடுங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஃபேன் சத்தம், காது மந்தம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை, நம்பியிருக்கும்.

எனக்குக் கேட்டது ஆதி. தினமும் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. இந்தப் பிள்ளை எவ்வளவு திருத்தமாகப் படிக்கிறது என்று நினைத்துக்கொண்டே தயிர்சாதத்தைப் பிசைவேன். சாப்பிட்டுக் கை கழுவுவேன். ஒன்றரை மணிக்கு ஆபீஸுக்குப் போய்விடுவேன்.

"கேட்டுச்சும்மா" என்று சொன்னேன்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ரிப்பன் நுனியைத் திருகினாள். பிறகு, "அப்பறம் ஏன் ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். உள்ளே ஓடினாள்.

மார்ச் முதல் ஞாயிறு ரெண்டாம் தேதி வருகிறது. நான் போவேன். அவள் மறுபடி கேட்பாள். உனக்கு ஏதாவது பதில் தெரிந்தால் எழுது.

கிறிஸ்டினா